டெல்லிக் குளிரில் பைக்: கை விறைக்காமல் இருக்க முதலில் காற்றை நிறுத்துங்கள்

திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வந்த ஒரு தம்பியின் கேள்வி இது. ஆர்.கே.புரத்தில் வீடு, நொய்டாவில் காலை 7 மணி ஷிஃப்ட், 150 சிசி பைக். "டிசம்பர் பாதியிலிருந்து கை மரத்துப் போகிறது. யமுனை மேல் நொய்டாவுக்குப் போகும் டி.என்.டி. பாலம் தாண்டுவதற்குள் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே தெரியவில்லை. கம்பளி கிளவுஸ் மேல் இன்னொரு கிளவுஸ் போட்டும் பயனில்லை. கிரிப்பில் ஹீட்டர் வைத்து விற்கிறார்களே, வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் சில நூறு ரூபாயில் முடிகிற காரியங்கள் இருக்கின்றன. அவற்றைச் செய்தால் ஹீட்டரே தேவைப்படாமல் போகலாம். அவற்றைச் செய்யாமல் ஹீட்டரை மட்டும் மாட்டினால் உள்ளங்கை சுடும், விரலின் வெளிப்பக்கம் அப்படியே விறைக்கும்.

நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்துவது அந்த பிரேக் விஷயம்தான். குளிரைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம், ஆனால் உணர்ச்சி இல்லாத விரலோடு வண்டி ஓட்டக் கூடாது. விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே விரல் சொன்ன பேச்சு கேட்காது. இன்னும் இறங்கி 8 டிகிரியை நெருங்கினால் தொடுவதே தெரியாமல் போய்விடும். முன் பிரேக்கை அளந்து பிடிக்கிற வேலையை அந்த விரல்களை நம்பித்தான் விட்டிருக்கிறோம். பனிமூட்டத்துக்குள் முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கை ஏன் இப்படி விறைக்கிறது? டெல்லியில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை விடிகாலையில் 4 முதல் 7 டிகிரி சாதாரணம். 2021 ஜனவரி 1 அன்று டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரிக்குப் போனது. ஆனால் நின்றுகொண்டு டீ குடிக்கிறவனுக்கு இருக்கும் 5 டிகிரி வேறு, வண்டியில் போகிறவனுக்கு இருக்கும் 5 டிகிரி வேறு. வானிலைத் துறையினர் காற்றின் வேகத்தையும் சேர்த்து, உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதன்படி 5 டிகிரியில் 60 கி.மீ. வேகத்தில் போனால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போலத் தெரியும். 40-க்குக் குறைத்தாலும் மைனஸ் 1 தான். அதாவது மெதுவாகப் போய்க் குளிரை ஏமாற்றலாம் என்பது பெரிதாக நடக்காது. காற்று கையில் படாமல் செய்தால் மட்டுமே கணக்கு மாறும். இன்னொன்று, காற்று 5 டிகிரி என்றால் தோல் எவ்வளவு நேரமானாலும் 5-க்குக் கீழே இறங்காது. அதனால் இந்த ஊர்க் குளிரில் விரல் உறைந்து கருகிப் போகும் என்ற பயம் வேண்டாம். காற்று செய்கிற வேலை, அந்த 5 டிகிரிக்கு உங்களை மிக வேகமாக இழுத்துக்கொண்டு போவதுதான்.

கம்பளி கிளவுஸ் தோற்றுப் போனதற்குக் காரணமும் இதுவே. கம்பளி சூட்டைக் காப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றால். நடந்து போகும்போது அது அருமையாக வேலை செய்யும். வண்டியில் எதிர்க்காற்று பின்னல் வழியாக நேராக உள்ளே புகுந்து அந்தக் காற்றைத் துடைத்துக்கொண்டு போய்விடும். அதன் மேல் இன்னொரு கிளவுஸைத் திணித்தீர்களே, அது இன்னும் மோசம். உள்ளே காற்று நிற்க இடமில்லை. போதாததற்கு விரலை இறுக்கி ரத்தத்தையும் தடுக்கிறது. இறுக்கமான இரண்டு கிளவுஸைவிடத் தளர்வான ஒன்று எப்போதும் மேல்.

காற்றை நிறுத்த இந்த ஊரில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது. பால்காரர்களும் டெலிவரிப் பையன்களும் ஹேண்டிலின் இரண்டு முனையிலும் பெரிய பை மாதிரி ஒன்றைக் கட்டி, அதற்குள் கையை விட்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ரெக்ஸின், உள்ளே பஞ்சு போன்ற துணி. பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் டெல்லிக் குளிருக்கு இதை மிஞ்சிய பொருள் எதுவும் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. கிரிப், லீவர், கை மூன்றும் ஒரே கூட்டுக்குள் வந்துவிடுகின்றன. எதிர்க்காற்று முழுசாக நின்றுவிடும். உள்ளே மெல்லிய கிளவுஸே போதும், அதனால் ஸ்விட்ச், லீவர் எல்லாம் விரலுக்கு நன்றாகத் தெரியும். கரோல்பாக்கில் நாயிவாலான் பக்கம் பைக் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே கிடைக்கும். திங்கட்கிழமை போகாதீர்கள், கரோல்பாக் மார்க்கெட்டுக்கு அன்று விடுமுறை. வெறுமனே 'கிரிப் கவர்' என்று கேட்டால் கைப்பிடியில் மாட்டும் ரப்பர் உறையை எடுத்து நீட்டுவார்கள். 'சர்தி வாலா ஹேண்டில் கவர்', அதாவது குளிர்கால ஹேண்டில் உறை என்று கேளுங்கள்.

வாங்குவது சுலபம், மாட்டுவதில்தான் கவனம் வேண்டும். இந்த உறைகளில் ஒரு ஆபத்து இருக்கிறது. துணி தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். துணி பிரேக் லீவரை அழுத்தும். பிரேக் லேசாகப் பிடித்தபடியே வண்டி ஓடும், டிஸ்க் சூடேறும், பின்னால் பிரேக் லைட் எந்நேரமும் எரியும். நீங்கள் உண்மையாகவே பிரேக் போடும்போது பின்னால் வருகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. மாட்டியதும் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். சாவியை ஆன் செய்து, யாரையாவது பிரேக் லைட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, உறையின் முன்பக்கத்தை உள்ளங்கையால் நன்றாக உள்நோக்கித் தள்ளுங்கள். லைட் எரிந்தால் அந்த உறை ஆகாது. ஒன்று, விறைப்பான முன்பக்கம் உள்ள உறையாக மாற்றுங்கள். இல்லையென்றால் உள்ளே லீவருக்கு முன்னால் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தகட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸ் மாதிரி ஹேண்ட் கார்டு (லீவருக்கு முன்னால் வரும் கெட்டியான தடுப்பு) உள்ள வண்டி என்றால் இந்தத் தொல்லை கிடையாது. கார்டே லீவரைக் காத்துக்கொள்ளும், அதன் மேல் உறையை மாட்டிவிடலாம்.

அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். உறை டேங்கில் முட்டக் கூடாது, ஒயரை இழுக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டால் படக்கென்று தானாகத் திரும்பி வர வேண்டும். கை உள்ளே நுழைவதும் வெளியே வருவதும் தடையில்லாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டை இறுக்குகிற எலாஸ்டிக் இருந்தால் அதை வெட்டித் தளர்த்துங்கள், விழுகிற நேரத்தில் கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் காலனிக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஓட்டி விரலைப் பழக்கிக்கொண்டு ரிங் ரோட்டில் ஏறுங்கள்.

உறை வேண்டவே வேண்டாம் என்றால் ஹேண்ட் கார்டு மட்டுமாவது போடுங்கள். பாதிக் காற்றை அது தடுக்கும்.

இப்போது ஒரு சின்ன விஷயம். எந்த விரல் முதலில் விறைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான், அதிலும் வலது கையில். டிராஃபிக்கில் அந்த இரண்டையும் பிரேக் லீவர் மேலேயே வைத்திருப்போம். மற்ற விரல்கள் கிரிப்பின் மறைவில் இருக்கும், இவை இரண்டும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டுக்கொண்டிருப்பதோ சில்லென்ற அலுமினியம். உலோகம் சூட்டை உறிஞ்சுகிற வேகத்துக்கு மெல்லிய கிளவுஸெல்லாம் தடையே இல்லை. இடது கை கிளட்சைப் பிடித்து விட்டுக்கொண்டே இருப்பதால் அதற்குக் கொஞ்சம் அசைவாவது உண்டு. வலது கை ஆக்ஸிலரேட்டரைப் பிடித்தபடி சிலை மாதிரி நிற்கும். இதற்கு வழி, சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் பழைய டியூப் ஒரு சாண் நீளம் கேட்டு வாங்கி, சோப்புத் தண்ணீர் தடவி இரண்டு லீவரிலும் இழுத்து மாட்டுங்கள். இறுக்கமாக உட்கார வேண்டும், சுழலவோ நழுவவோ கூடாது. சிலிகானில் செய்த லீவர் உறைகளும் கடையில் உண்டு, டியூப்பே அதே வேலையைச் செய்யும்.

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பதில்தான் ஆகும். விரல்களுக்குச் சொந்தமாகச் சூடு உண்டாக்குகிற வசதி கிட்டத்தட்ட இல்லை. விரலை அசைக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, விரலுக்குள் எலும்பும் நரம்பும் நாரும்தான். சூடு முழுக்க ரத்தத்தோடு வர வேண்டும். நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்ததும், உள்ளுறுப்புகளை 37 டிகிரியில் வைத்திருப்பதற்காக உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். முதலில் அடி வாங்குவது விரல்நுனி. அதனால் எவ்வளவு விலையுயர்ந்த கிளவுஸ் போட்டாலும் ஜெர்கின் ஜிப் வழியாக நெஞ்சில் காற்று ஏறினால் கை விறைத்தே தீரும்.

மார்கழியில் ஆர்.கே.புரம் முருகன் கோவிலான மலை மந்திருக்கு விடிகாலையில் பைக்கில் வருகிற நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையில் மஃப்ளரை இறுக்கிக் கட்டியிருப்பார்கள், நெஞ்சில் ஒரு ஸ்வெட்டர் மட்டும் இருக்கும். ஸ்வெட்டரும் கம்பளி கிளவுஸ் மாதிரிதான், காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும். அதன் மேல் காற்றுப் புகாத ஜெர்கின் ஒன்று கட்டாயம் வேண்டும். மழைக்கோட்டின் மேல்சட்டையைப் போட்டால்கூடப் போதும். ஜெர்கினுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் நெஞ்சை மறைத்தாற்போல நான்கு தாள் செய்தித்தாளை மடித்து வைத்துப் பாருங்கள். பழைய காலத்து ஆட்கள் செய்வது, இன்றும் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. கழுத்தைச் சுற்றி ஓட்டை இருக்கக் கூடாது. மணிக்கட்டு இன்னும் முக்கியம். நாடி பிடித்துப் பார்க்கிற இடத்தில் ரத்தக் குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. ஜெர்கின் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் திறந்திருந்தால், கைக்குப் போகிற ரத்தம் அங்கேயே ஆறிப்போய்த்தான் போகும். பழைய சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். 6 மணிக்குச் சாப்பிடப் பிடிக்காதுதான். இரண்டு பிரெட்டோ ஒரு வாழைப்பழமோ உள்ளே போனால்கூட உடம்புக்குச் சூடு உண்டாக்க ஏதோ இருக்கும். சிகரெட் பழக்கம் இருந்தால் ஓட்டுவதற்கு முன் வேண்டாம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், ஏற்கெனவே குளிர் செய்கிற வேலையை அதுவும் சேர்ந்து செய்யும்.

கிளவுஸ் வாங்கும்போது கடையில் முஷ்டி மடக்கிப் பாருங்கள். விரல்நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், மடக்கும்போது எங்கேயும் இறுக்கக் கூடாது. வெளிப்பக்கம் தோலோ காற்றுப் புகாத துணியோ, உள்ளே மெல்லிய பஞ்சு, மணிக்கட்டைத் தாண்டி நீளும் கை, அங்கே ஒரு பட்டை. இவ்வளவு இருந்தால் போதும். ரொம்பத் தடிமனாக வாங்கினால் கிரிப்பைப் பிடிப்பதே கஷ்டம், முன்கை சீக்கிரம் களைத்துவிடும். உங்களிடம் இருக்கிற கம்பளி கிளவுஸைத் தூக்கிப் போட வேண்டாம். அது மெல்லியதாக இருந்து, ஒரு சைஸ் பெரிய தோல் கிளவுஸுக்குள் தளர்வாகப் போகுமானால் நல்ல ஜோடி. அவசரத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கிளவுஸை உள்ளே போட்டுக்கொள்ளலாம். கை வியர்த்து ஈரமாகும், ஆனால் முக்கால் மணி நேரப் பயணத்துக்குத் தாங்கும். நாள் முழுக்கப் போட்டால் ஈரமே குளிராகிவிடும்.

கிளவுஸ் சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். ஆறிப்போன சாதத்தை ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் சூடாகிவிடுமா? பலரும் கிளவுஸை ராத்திரி முழுக்க பைக்கிலேயோ பால்கனியிலேயோ விட்டுவிட்டு, காலையில் கேட்டைத் திறந்து, வண்டியைத் துடைத்து, கை நன்றாகச் சில்லிட்ட பிறகு அந்தச் சில்லென்ற கிளவுஸை மாட்டுகிறார்கள். கிளவுஸை வீட்டுக்குள் வையுங்கள். காபி டம்ளரைப் பிடித்துக் கை சூடாக இருக்கும்போதே உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

உங்கள் வழியில் இன்னொரு சங்கடம் பனிமூட்டம். ஆசிரமம் சந்திப்பு தாண்டி யமுனை மேல் ஏறும்போது மூட்டமும் அடர்ந்திருக்கும், மறைப்பில்லாத காற்றும் இருக்கும். மூட்டம் என்பது பொடிப்பொடித் தண்ணீர். கிளவுஸ் மேல் அது படிந்து துணி நனைந்தால், காற்று அடிக்க அடிக்க ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொண்டே போகும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், அதனால் நனைந்த கிளவுஸ் போட்டும் போடாத மாதிரிதான். ஹேண்டில் கவர் இருந்தால் இந்தப் பிரச்சினை வராது. நனைந்துவிட்டால் ஆபீஸில் மேசைக்கு அடியில் விரித்துக் காய வையுங்கள். தோல் கிளவுஸை ரூம் ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள், வறண்டு வெடித்துவிடும்.

போகிற வழியில் கை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு, மலையேறுகிறவர்கள் செய்வது. சிக்னலில் நிற்கும்போது கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல்நுனியைத் தொடுங்கள். சுலபமாகத் தொட முடிந்தால் சரி. தடுமாறினால் அடுத்த நல்ல இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள், ஷிஃப்ட் ஐந்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை. இறங்கி நின்று, கையை நேராக நீட்டித் தோளிலிருந்து பெரிய வட்டமாக வேகமாகச் சுற்றுங்கள். சுற்றுகிற வேகத்தில் ரத்தம் விரல்நுனிக்குத் தள்ளப்படும். இருபது, முப்பது சுற்றில் விரலில் ஜிவ்வென்று தெரியும். பிறகு கையை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் சிலர் கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோகிறார்கள், ஓரளவு தள்ளிப் பிடித்தால் சரி. சைலன்சரை மட்டும் தொடவே வேண்டாம். செயற்கை இழை கிளவுஸ் உருகி ஒட்டிக்கொள்ளும். மரத்த கைக்கு, சுட்ட பிறகுதான் சுட்டதே தெரியும்.

ஆபீஸுக்குப் போனதும் கொதிக்கிற தண்ணீரில் கையை விடுவது, ஹீட்டர் மேல் நீட்டுவது இரண்டும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ரத்தம் திரும்பும்போது ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும், அது இயல்பு. தெற்கிலிருந்து புதிதாக வருகிறவர்களில் சிலருக்கு விரல்கள் சிவந்து வீங்கி, சாயங்காலம் தாங்க முடியாமல் அரிக்கும். ஏதோ அலர்ஜி என்று களிம்பு தேடுவார்கள். ஈரக் குளிரில் விறைத்த தோலைச் சட்டென்று சூடாக்குவதால் வருவது அது. மெதுவாகச் சூடாக்கி, அடுத்த நாளும் குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு வாரத்தில் அடங்கும். கொப்புளமோ புண்ணோ வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இனி ஹீட்டட் கிரிப். ஒரு ஜோடி முழுச் சூட்டில் சுமார் 40 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது 3 ஆம்பியருக்கு மேல். பல 125, 150 சிசி வண்டிகளில் இருப்பது 4 அல்லது 5 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. இன்ஜினை நிறுத்திவிட்டு ஹீட்டரை அணைக்க மறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செல்ஃப் எடுக்காது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டும் எந்நேரமும் எரிகிறது, அதை அணைத்து மிச்சம் பிடிக்க முடியாது. டிராஃபிக்கில் ஐட்லிங்கில் நிற்கும்போது வண்டி உற்பத்தி செய்கிற மின்சாரமும் குறைவு. உங்கள் வண்டிக்கு மிச்ச மின்சாரம் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பேட்டரியிலிருந்து நேராக இழுக்காமல், சாவி ஆன் ஆனால் மட்டும் வேலை செய்யும்படி ரிலே வைத்து, ஃப்யூஸ் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். புது வண்டியில் ஒயரை வெட்டினால் வாரன்டிக்குத் தகராறு வரலாம். வலது கிரிப்பின் ஒயருக்குத் தாராளமாகத் தளர்வு விட வேண்டும், இல்லையென்றால் முறுக்கி முறுக்கி உள்ளேயே அறுந்துவிடும்.

இதைப் போடுவதென்றால் ஹேண்டில் கவருக்குள் போடுங்கள். வெட்டவெளியில் அந்தச் சூட்டில் பாதி காற்றோடு போகும். உறைக்குள் என்றால் மிகக் குறைந்த அளவில் வைத்தாலே கூடு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும், பேட்டரிக்கும் பாரமில்லை. பேட்டரி வைத்த ஹீட்டட் கிளவுஸும் வருகின்றன. வண்டி மின்சாரம் தேவையில்லை என்பது வசதி, தினமும் சார்ஜ் போட வேண்டியது தொல்லை. சர்க்கரை வியாதியால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் எந்த ஹீட்டரையும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது, தோல் சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். சாயங்காலம் வெயில் இருக்கும்போது திரும்பி வருகிறபோதும் கை மரக்கிறதா? அப்படியென்றால் அது குளிரால் மட்டும் வருவதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மூன்றும் சேர்ந்து மரத்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதும், மணிக்கட்டை மடித்து அதில் உடம்புப் பாரத்தைப் போடுவதும் அதைக் கூட்டும். சுண்டுவிரல் பக்கம் மட்டும் என்றால் அது வேறு நரம்பு. இன்னும் சிலருக்குக் குளிர் பட்டதும் விரல்கள் கோடு போட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகி, பிறகு நீலம் பாய்ந்து, சூடானதும் சிவக்கும். ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் வருவது அது. இந்த மூன்றில் எது இருந்தாலும் கரோல்பாக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.